கற்றவர் கடமை: தனிநாயகம் அடிகளார் காட்டிய வழி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





எனக்கு முன் பேசிய பெரியவர்கள் இந்த ஆலயம் எழுந்த கதையைச் சொன்னார்கள். கல் சுமந்தவர்களையும், சுண்ணாம்பு அரைத்தவர்களையும், விளைந்த நெல்லில் மரக்கால் மரக்காலாக அளந்து கொடுத்தவர்களையும் நினைவுகூர்ந்தார்கள். கேட்கும்போது நெஞ்சம் நிறைந்தது. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கற்றவர் கடமை' என்பது. கடமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடமையைப் பற்றி உபதேசம் செய்யாமல், அதைச் செய்துகாட்டிய ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒரு துறைக்குத் தலைவராகவும், ஒரு புலத்துக்கு முதல்வராகவும் இருந்த நிர்வாகி. உலகத் தமிழ் மாநாடு என்ற ஒன்றை இந்த உலகம் காணக் காரணமாக இருந்தவர். அவரே தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்தவர்களும் இருக்கலாம். இன்று கொஞ்சம் விரிவாக அறிந்துகொள்வோம்.

முப்பது வயதுக்கு மேல் மாணவர்

அடிகளார் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். கொழும்பில் குருமடப் பயிற்சி பெற்றார். பின்பு உரோமை நகர் சென்று அங்கே உயர்கல்வி கற்று, 1938 இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலான மொழிகள் அவருக்குக் கைவந்தன. புனித சிப்ரியான் ஆயராக இருந்த காலத்தில் கார்த்தேஜ் நகரக் குருக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஆராய்ந்து நூல் எழுதினார்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். கார்த்தேஜ் என்பது ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்த பழைய நகரம். சிப்ரியான் வாழ்ந்தது மூன்றாம் நூற்றாண்டு. அவ்வளவு தொலைவிலிருந்த நகரத்தைத் தெருத்தெருவாக அறிந்திருந்த அந்த இளங்குருவுக்குத் தம் தாய்மொழியின் சங்க நூல்களில் முறையான பயிற்சி இல்லை. அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்த பலரின் நிலை அதுதான்.

1940 இல் அவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். அந்தச் சிற்றூரில்தான் அவர் வாழ்வு திரும்பியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்ற குரு, குருசுவாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். கற்பவர் கத்தோலிக்கக் குரு, கற்பிப்பவர் ஐயர், நடுவில் இருந்தது தமிழ். அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கும்போதே மனம் மகிழ்கிறது.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1945 இல், முப்பது வயதைக் கடந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். உரோமையில் உயர்கல்வி முடித்த குருவானவர், தம்மைவிடப் பத்து வயது இளைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முதுகலையும் முடித்தார், அதற்குமேல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்.

பிள்ளைகளே, கற்றவரின் முதற்கடமை இதுதான் என்று நான் கருதுகிறேன். தமக்கு எது தெரியாது என்பதை அறிந்து, அதைத் தெரிந்தவர் வாசலுக்குத் தாமே போவது. பட்டம் பெற்றவுடன் படிப்பை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிற நமக்கு இது பெரிய பாடம்.

நிலத்தைப் பார்க்கக் கற்பித்தவர்

அண்ணாமலையில் அடிகளார் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பதாகும். அதையே பின்னர் விரிவாக்கி, நிலக்காட்சியும் கவிதையும் என்று பொருள்படும் தலைப்பில் 1966 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பூ, பறவை, தொழில், மனித உணர்வு ஆகியவற்றைப் பாட்டில் பொருத்திய அழகை, கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு வெளிநாட்டாருக்கு எடுத்துச் சொன்னார்.

தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதான இலக்கணப் பாடம் உண்டா? நம் ஆலயத்து வாசலில் நின்று பாருங்கள். மேகமலையும் அதைத் தொடரும் மலைகளும் குறிஞ்சி. அடிவாரத்துக் காடும் ஆடுமாடு மேயும் மேட்டுநிலமும் முல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் கிடக்கிற கம்பம், உத்தமபாளையம் வயல்கள் மருதம். மழை பொய்த்த ஆண்டில் ஆண்டிபட்டிப் பக்கம் போனால் பாலையையும் பார்த்துவிடலாம். நெய்தல் ஒன்றுதான் நம்மிடம் இல்லை. அது அடிகளார் பிறந்த தீவுப்பகுதியில் இருக்கிறது!

நம் பிள்ளைகள் இந்த நிலத்தில் நடந்துகொண்டே, இதைப் பாடிய பாட்டு எங்கோ இருப்பதாக எண்ணி மனப்பாடம் செய்கிறார்கள். சொந்த ஊரின் மண்ணையும் மரத்தையும் கண்திறந்து பார்க்கக் கற்பிப்பது பேராசிரியரின் வேலை. அதை அடிகளார் உலகத்துக்கே செய்தார்.

மலையைக் குடைந்த வேலை

தெரிந்துகொள்வது ஒன்று; தெரிந்ததை வேண்டியவரிடம் கொண்டுசேர்ப்பது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையை நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை.

பெரியாறு மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் நம் முன்னோர் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கர்னல் பென்னிகுயிக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, 1895 இல் அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். தண்ணீர் முன்பும் இருந்தது. வயலும் முன்பும் இருந்தது. இரண்டையும் சேர்க்க ஒருவர் மலையைக் குடைய வேண்டியிருந்தது. அதனால்தான் இன்றும் தைப் பொங்கல் நாளில் அந்த ஆங்கிலேயருக்கு நம் விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள்.

கல்வி நிர்வாகம் என்பதும் இப்படிப்பட்ட சுரங்க வேலைதான். நிர்வாகி என்றால் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர், மேடையில் நடுநாற்காலியில் உட்காருகிறவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழறிவு ஒரு பக்கம் தேங்கிக் கிடந்தது. உலகம் மறுபக்கம் அதை அறியாமல் இருந்தது. அடிகளார் நடுவில் இருந்த மலையைக் குடைந்தார்.

எப்படிக் குடைந்தார்? 1948 இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் என்ற அமைப்பை நிறுவினார். மலாயா, ஜப்பான், அமெரிக்க நாடுகள் எனப் பல தேசங்களுக்குப் பயணம் செய்து தமிழைப் பற்றிப் பேசினார். அங்கே அவர் கண்டது, இந்தியாவைப் பற்றி அறிந்த அறிஞர்களுக்கும் தமிழைப் பற்றி மிகக் குறைவாகவே தெரியும் என்பது. 'பார்த்தீர்களா, நம்மை மதிக்கவில்லை' என்று மேடைதோறும் குறைசொல்லித் திரிவது எளிது. அவர் திரும்பி வந்து, 1952 இல், 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் படிக்கத் தெரியாதவனிடம் தமிழைப் பற்றித் தமிழிலேயே எழுதி என்ன பயன்? அவனுக்குப் புரியும் மொழியில் எழுதினால்தானே அவன் தமிழைத் தேடி வருவான்!

ஐரோப்பிய நூலகங்களில் தூசிபடிந்து கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களையும் அவர் தேடிச் சென்றார். நம் மதுரை மிஷனில் உழைத்த அந்தாம் தெ புரோவென்சா என்ற போர்த்துக்கீசிய சேசுசபைக் குரு, தமிழுக்கும் போர்த்துக்கீசியத்துக்கும் ஓர் அகராதி செய்திருந்தார். அது 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதன் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதை 1966 இல் மறுபடியும் அச்சிட்டு வெளிக்கொண்டு வந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மக்கள் வாயில் என்ன சொல் வழங்கியது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அந்த நூல் ஒரு புதையல்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்த அவர், லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1961 இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராகச் சென்றார். கலைப்புலத்தின் முதல்வராகவும் பொறுப்பு வகித்தார்.

1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. உலகெங்குமிருந்து அறிஞர்கள் வந்திருந்தனர். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, ஜனவரி 7 ஆம் நாள், தமிழ் ஆய்வில் ஈடுபட்டவர்களை ஒன்றுகூட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார்கள். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். கவனியுங்கள், தலைவர் நாற்காலி பிரெஞ்சுக்காரருக்கு. அடிகளார் எடுத்துக்கொண்டது கடிதம் எழுதும் வேலை, ஆள் சேர்க்கும் வேலை, கணக்குப் பார்க்கும் வேலை. சங்கம் வைத்து நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், எந்த வேலை கடினமானது என்று!

இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கி வைத்தார். 1968 இல் சென்னையில், அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது, இரண்டாவது மாநாடு. சென்னைக் கடற்கரையில் நம் வீரமாமுனிவரும், போப்பையரும், கால்டுவெல்லும், பாரதியும், கம்பரும், ஔவையும் வரிசையாகச் சிலைகளாக நிற்கிறார்களே, அவை அந்த மாநாட்டையொட்டி எழுந்தவைதாம். 1970 இல் பாரிஸில் மூன்றாவது மாநாடு. 1974 ஜனவரியில் அடிகளார் பிறந்த யாழ்ப்பாணத்தில் நான்காவது மாநாடு.

யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாளான ஜனவரி 10 அன்று காவல்துறையின் நடவடிக்கையால் கூட்டம் கலைக்கப்பட்டு, உயிர்கள் பலியாயின. மொழியைக் கேட்க வந்த மக்கள் பிணமாக வீடு திரும்பினார்கள். ஏழாண்டுகளுக்குப் பின், 1981 இல், அதே ஊரின் பொதுநூலகம் தீக்கிரையானது. எரிவதைக் கண்ட அதிர்ச்சியில், புனித பத்திரிசியார் கல்லூரியில் இருந்த மொழியறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். அவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. கல்வியும் நூலும் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை, அவற்றைப் பறிகொடுத்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

அடிகளார் 1980 செப்டம்பர் 1 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நம் மதுரையிலே நடந்தது. அதைப் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரம்பித்தவர் மறைந்தார், ஆரம்பித்தது நிற்கவில்லை. 1995 இல் தஞ்சையிலும், 2019 இல் சிகாகோவிலும், 2023 இல் மீண்டும் கோலாலம்பூரிலும் மாநாடு நடந்தது. தாம் இல்லாமலும் நடக்கும்படி ஒரு காரியத்தை அமைத்துவிட்டுப் போவதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். நம் ஊரில் எத்தனை சங்கங்கள் தலைவரோடு பிறந்து, தலைவர் வெளியூர் போனதும் பூட்டுப் போடப்படுகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய காசு?

இனி நான் சொல்லப்போவதை மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்கும்படி வேண்டுகிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1950களில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழை நடத்திய கோ. சாரங்கபாணி அவர்கள், 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி மக்களிடம் நிதி திரட்டினார். பெரும் பணக்காரர்களை மட்டும் நம்பிய நிதியன்று அது. சாதாரணத் தமிழ் மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். கைநாட்டு வைத்த கூலித் தொழிலாளி, தன் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது தமிழ் பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும் என்று கொடுப்பதில் எவ்வளவு பெரிய மனம் இருக்கிறது! பின்னாளில் அடிகளார் அமர்ந்த பேராசிரியர் நாற்காலிக்குப் பின்னால் அந்த மக்களின் வியர்வையும் இருந்தது.

நம் கதை என்ன? விடியுமுன்னே தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, கம்பத்திலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலையேறிப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்புகிற தாய்மார்கள் நம் பங்கில் எத்தனை பேர்! பள்ளிக் கட்டணத்துக்காகக் காதில் கிடந்ததை அடகு வைத்த தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள். பட்டத்தில் இருக்கும் பெயர் பிள்ளையுடையது. அதற்குக் கொடுத்த விலை அம்மாவுடையது. அந்த விலையில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு.

ஊரே கல்விக்குக் கை கொடுத்த பகுதி இது. 1956 இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியது. ஓர் இஸ்லாமியப் பெருமகனார் பெயரால் விளங்கும் அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற இந்துக்கள் எத்தனை, கிறிஸ்தவர்கள் எத்தனை! 1971 இல் பெரியகுளத்தில் அருட்சகோதரிகள் ஜெயராஜ் அன்னபாக்கியம் பெண்கள் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதுவும் அப்படியே எல்லார் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்து வைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் வாய்க்காலில் வந்த தண்ணீர் அடுத்தவர் வயலுக்கும் பாய்வதுதானே முறை!

மக்களின் காசில் உயர்ந்தவர் மக்களின் துன்பத்தில் வாய்மூடி இருக்கலாமா? 1956 இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடிகளார் அப்போது அரசின் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். 'எனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது' என்று அவர் ஒதுங்கவில்லை. தமிழ் மக்களின் மொழியுரிமைக்காகப் பேசினார், எழுதினார். அதே வேளையில் பிறமொழியை வெறுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அல்லர் அவர். பல மொழிகளைக் கற்றவருக்கு எந்த மொழியின்மீதும் பகை வராது. அவர் எழுதிய பயண நூலின் பெயரே 'ஒன்றே உலகம்' என்பது.

குருவுக்கு இதில் என்ன வேலை?

ஒரு குருவானவர் பூசை வைக்கலாம், பாவசங்கீர்த்தனம் கேட்கலாம். இலக்கியமும் மாநாடும் அவருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நம் மதுரை மண்ணே இதற்கு விடை சொல்லும். 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, இந்நாட்டு மக்களின் மொழியையும் வழக்கத்தையும் கற்றபின் வேதம் போதித்தார். வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடினார், 'சதுரகராதி' தொகுத்தார். அடிகளார் உரோமையில் மாணவராக இருந்தபோதே வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்துத் தமிழ் மாணவர்களை ஒன்றுசேர்த்தார். ஆகவே அவர் புதுவழி எதையும் தேடிப் போகவில்லை. முன்னோர் போட்ட ஒற்றையடிப் பாதையை அகலமாக்கினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில், பண்பாட்டைப் பற்றித் தனி அதிகாரமே இருக்கிறது. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் அந்தப் பணி தொடங்கிவிட்டது என்பது நமக்குப் பெருமை. பெருமை பேசினால் போதாது, தொடர வேண்டும்.

நற்செய்தியில் தாலந்து உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாலந்தைப் பெற்ற ஊழியன் அதைச் செலவழித்துவிடவில்லை, திருடவில்லை, சூதாடவுமில்லை. பத்திரமாக மண்ணில் புதைத்து வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் தலைவன் அவனைக் கடிந்துகொண்டான். வாங்கிய பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பதும் ஒருவகைப் புதைத்தல்தான். மண்ணுக்குப் பதில் சுவர், அவ்வளவே.

நம் பங்கில் செய்ய வேண்டியவை

'சுவாமி, அவர் உலகம் சுற்றிய பேராசிரியர். நாங்கள் சாதாரணமானவர்கள்' என்று சொல்வீர்கள். வடக்கன்குளத்துப் பள்ளி ஆசிரியராகத்தான் அவரும் தொடங்கினார். பொன்விழாவின் நினைவாக நம்மால் இயன்ற மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு மாலைநேரப் படிப்பறை. பங்கு வளாகத்தில் இரவில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்றே போதும். மாலை ஆறரை முதல் எட்டரை வரை விளக்கு எரியட்டும். பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முறைவைத்து அமரட்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத எந்தப் பிள்ளையும், எந்தத் தெருவைச் சேர்ந்த, எந்தச் சமயத்தைச் சேர்ந்த பிள்ளையும், கேட்காமல் உள்ளே வரட்டும். வாசலில் யாரும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று விசாரிக்கக் கூடாது. திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறோம். பத்து நாளில் கழற்றிவிடுகிறோம். இந்த ஒரு விளக்கை ஆண்டு முழுவதும் எரியவிட நம்மால் முடியாதா?

இரண்டாவது, நம் பழையவற்றைக் காப்பது. அடிகளார் நம் முன்னோரின் அகராதியைத் தேடி வத்திக்கான் வரை போனார். நம்மிடம் இருப்பவற்றைத் தேட நாம் அடுத்த தெருவுக்குப் போனால் போதும். பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் பூச்சி விழுந்துகொண்டிருக்கிறது. தவக்காலத்தில் நம் பாட்டிமார் இராகம் போட்டு வியாகுலப் பிரசங்கம் படிப்பார்களே, அந்த இராகம் தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அப்படியே. கல்லூரியில் தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டியிடம் போய் உட்காருங்கள். கையில் உள்ள கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள். ஒரு பாட்டி மறைந்தால் ஒரு நூலகம் எரிந்ததற்குச் சமம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. கொடியேற்றத்துக்கு வருகிறீர்கள், சப்பரம் தூக்குகிறீர்கள், நன்கொடையும் தாராளமாகத் தருகிறீர்கள். உங்களை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் சப்பரம் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். இனி ஒரே ஒரு நாள் கூடுதலாக இருங்கள். அந்த நாளில் இந்த ஊர்ப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு இருக்கிறது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது, விடுதியில் சேர என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு இது அரைமணி நேரப் பேச்சு. படிப்பறியாத பெற்றோரின் பிள்ளைக்கு அதுதான் மலையைக் குடைந்த சுரங்கம். நல்ல மதிப்பெண் வாங்கியும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் கடைசித் தேதியைத் தவறவிட்டு, மறுவாரமே ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போன பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இம்மூன்று காரியங்களுக்கும் ஒரு குழு அமைக்கப்படும். அதில் தலைவர் யார் என்ற போட்டி வேண்டாம். செயலாளராக வேலை செய்ய யார் வருவீர்கள் என்பதுதான் என் கேள்வி. கணக்கு மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை பொறுப்பு இளையவர் கைக்கு மாறட்டும். நானும் மாற்றலாகிப் போய்விடுவேன். அடுத்த பங்குத்தந்தை வருவார். யார் வந்தாலும் யார் போனாலும் அந்த அறையில் விளக்கு எரிய வேண்டும்.

அன்பார்ந்த மக்களே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படிப்பறியாத நம் பெரியவர்கள் தங்கள் நெல்லை அளந்து கொடுத்து நமக்கு ஓர் ஆலயத்தைக் கட்டித் தந்தார்கள். அவர்கள் பிள்ளைகளாகிய நாம் படித்திருக்கிறோம். அவர்கள் நெல்லை அளந்த மரக்காலால் நாம் அறிவை அளந்து கொடுப்போம். தனிநாயகம் அடிகளாரைப் போன்ற நல்ல ஊழியரை நம் இனத்துக்குத் தந்த இறைவனுக்கு நன்றி கூறுவோம். படிப்பறைக் குழுவில் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். காப்பி தயாராக இருக்கும்.

 எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.